நான்கு பேரைப் பிடித்த மவுஸ்: வார்கிராஃப்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவிலில் கேம் பேச்சு எடுத்தால் ‘ஸ்ட்ராடஜி கேம்’ என்ற பெயர் எதன் மேலும் ஒட்டிக்கொள்ளும். செஸ்ஸும் ஸ்ட்ராடஜி, கிளாஷ் ஆஃப் கிளான்ஸும் ஸ்ட்ராடஜி, டோட்டாவும் ஸ்ட்ராடஜி, பப்ஜியில் மாடிப்படிக்குக் கீழே பதுங்கிக் கிடப்பதும் ஸ்ட்ராடஜி. வார்கிராஃப்ட் என்று சொல்லிவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். ஒருவர் 2016-ல் வந்த சினிமாவைச் சொல்வார். இன்னொருவர் மாதச் சந்தா கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தைச் சொல்வார். மூன்றாமவர், “அதுதாம்ல முதல் ஆர்.டி.எஸ்.” என்று அடித்துப் பேசுவார்.

முதல் இருவரும் சொல்வது பின்னால் வந்த பிள்ளைகளை. மூன்றாமவர் சொல்லும் ஆர்.டி.எஸ். என்பது ‘ரியல் டைம் ஸ்ட்ராடஜி’ என்ற ஆட்ட வகை; வார்கிராஃப்ட் அதில் முதலாவது என்பது சரியில்லை. ‘வார்கிராஃப்ட்: ஓர்க்ஸ் அண்ட் ஹ்யூமன்ஸ்’ என்ற ஆட்டம் 1994 நவம்பரில், அந்தக் காலத்து எம்.எஸ். டாஸ் கணினிகளுக்கு வெளிவந்தது. உருவாக்கியது கலிஃபோர்னியாவின் பிளிஸார்ட். 1991-ல் ஆலன் ஆட்ஹம், மைக் மொர்ஹைம், ஃபிராங்க் பியர்ஸ் ஆகிய மூவர் வேறொரு பெயரில் தொடங்கிய சின்ன நிறுவனம் அது. அவர்கள் ஆர்.டி.எஸ். என்ற வகையைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் இன்று தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பையன் ஆடும் பல ஆட்டங்களின் வேர் அந்த 1994 ஆட்டத்தில் இருக்கிறது. அந்த வேர் மந்திரவாதிகளிலும் பூதங்களிலும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் தன் கவனத்தை எத்தனை பேருக்குப் பங்கு வைக்க முடியும் என்ற கேள்வியில்தான் அது இருக்கிறது. கணினி ஆட்டமே ஆடாதவருக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## பந்தி காத்திருக்காது

நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் சமையல் நடக்கும் ஆக்குப்புரையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்ட வகை பாதி தெரிந்த மாதிரிதான். தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் நாலு பேர் தேங்காய் திருவுகிறார்கள். இன்னொரு பக்கம் அவியலுக்குக் காய் நறுக்குகிறார்கள். ஒருவன் விறகு சுமக்கிறான். உருளியில் பாயாசம் கொதிக்கிறது. பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. “அண்ணாச்சி, இலை போட்டாச்சு, எரிசேரி வரல்லியே!” என்று ஒரு குரல். தேங்காய் திருவும் இருவரைப் பரிமாற அனுப்பினால் இந்தப் பந்தி தப்பும். அடுத்த பந்தியின் துவரனுக்குத் தேங்காய் இருக்காது. அனுப்பாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் இப்போதே சுளிக்கும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அடுப்பு எரிகிறது. அவருடைய முடிவுக்காக எதுவும் நிற்பதில்லை.

சதுரங்கத்தில் இது கிடையாது. நீங்கள் காய் நகர்த்தும்வரை எதிராளி காத்திருப்பார். அப்படி ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவதை முறை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இயங்க, நீங்கள் சும்மா இருந்தாலும் எதிராளி வேலையைச் செய்துகொண்டே இருந்தால் அது நிகழ்நேர ஆட்டம். அந்த ஓட்டத்துக்குள் வளம் சேர்த்து, கட்டடம் கட்டி, படை திரட்டி எதிராளியை வீழ்த்துவது நிகழ்நேர வியூக ஆட்டம். ஆர்.டி.எஸ். என்பது இதைத்தான்.

நிகழ்நேரம் என்றதும் ‘ஆன்லைனில் ஆடுவது’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்விசிறியும் ஓர் பழைய கணினியும் மட்டும் இருக்கும் அறையில், இணையமே இல்லாமல், கணினியை எதிரியாக வைத்து ஆடினாலும் அது நிகழ்நேரம்தான். கடிகாரம் நிற்காமல் ஓடுகிறதா என்பதே கேள்வி.

## தங்கம், மரம், பண்ணை

வார்கிராஃப்டில் மனிதர் ஒரு பக்கம், ஓர்க் என்ற முரட்டு இனம் மறுபக்கம். வேறோர் உலகத்திலிருந்து ஒரு மாய வாசல் வழியாக ஓர்க்குகள் அஸரோத் என்ற மனித நாட்டுக்குள் புகுகிறார்கள். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் 12 கட்டங்கள் கொண்ட கதை உண்டு. ஆட்டம் தொடங்கும்போது பெரும்பாலும் உங்களிடம் இருப்பது ஒரு தலைமைக் கட்டடமும் சில தொழிலாளிகளும்.

தொழிலாளி சுரங்கத்துக்குப் போய்த் தங்கம் எடுத்து வருவார். காட்டுக்குப் போய் மரம் வெட்டி வருவார். தங்கமும் மரமும் வளம். வளத்தைக் கொண்டு படைவீடு, மர ஆலை, கொல்லுப்பட்டறை என்று கட்டலாம். ஒன்று இருந்தால்தான் அடுத்தது என்று ஒரு வரிசை இருக்கும். மேலே போகப் போக வலிமையான ஆட்கள் கிடைப்பார்கள். அந்த வரிசைக்கு டெக் ட்ரீ என்று பெயர். படைக்குச் சோறு போடப் பண்ணை வேண்டும். பண்ணை போதாவிட்டால் தங்கம் குவிந்து கிடந்தாலும் அடுத்த ஆளை உருவாக்க முடியாது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை 1995-ல் வந்த இரண்டாம் பாகத்தின் எண்களால் பார்க்கலாம். அதில் ஒரு தொழிலாளிக்கு 400 தங்கம் செலவு. அவர் ஒரு நடைக்கு 100 தங்கம் கொண்டுவருவார். நான்கு நடையில் போட்ட காசு திரும்பிவிடும். ஐந்தாம் நடையிலிருந்து எல்லாம் வரவு. அப்படியானால் தொழிலாளிகளையே உருவாக்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அங்கேதான் எதிராளி வருகிறான். அவன் தொழிலாளிகளைக் குறைத்து, ஒரு வீரனுக்கு 600 தங்கம் கொடுத்து நாலைந்து பேரைத் திரட்டி, நீங்கள் படைவீடு கட்டுமுன்பே வாசலில் வந்து நிற்பான். இப்படிச் சீக்கிரமே பாய்வதற்கு ரஷ் என்று பெயர். அவன் பாய்ச்சலைத் தாங்கிவிட்டீர்கள் என்றால் உங்கள் பொருளாதாரம் பெரியது. இனி ஆட்டம் உங்கள் கையில். தாங்காவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தேங்காய் திருவும் ஆளை எடுத்துப் பரிமாற அனுப்புவதா என்று தவசிப்பிள்ளை தவித்தது இதே கணக்குதான். பின்னால் வேண்டியதை இப்போதைய அவசரத்துக்குச் செலவழிப்பதா?

முதல் ஆட்டத்தில் ஒரு வினோதமும் உண்டு. கட்டடங்களைச் சாலையோரமாகத்தான் கட்ட வேண்டும், சாலைக்கும் தங்கம் கொடுக்க வேண்டும். ஊர் மாதிரித் தெரியும், ஆடுகிறவருக்கு எரிச்சல். இரண்டாம் பாகத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். நல்ல முடிவு.

இதுவரை பார்த்தது இது: கடிகாரம் நிற்காமல் ஓடும்போது, ஒரே வளத்தை வளர்ச்சிக்கும் போருக்கும் பங்கு வைப்பதுதான் ஆர்.டி.எஸ். சண்டை அதன் ஒரு பகுதி மட்டும்.

## முன்னோடிகள்

இந்த அமைப்பு வார்கிராஃப்டுக்கு முன்பே இருந்தது. ஜப்பானின் டெக்னோசாஃப்ட் 1989-ல் மெகா டிரைவ் என்ற விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட ‘ஹெர்ட்ஸோக் ஸ்வை’ ஆட்டத்தில் இதன் தொடக்கம் தெரியும். அச்சு அசலாக இன்றைய வடிவத்தைக் கொடுத்தது வெஸ்ட்வுட் நிறுவனம் 1992-ல் வெளியிட்ட ‘டியூன் 2’. பாலைவனத்தில் விளையும் ‘மசாலா’ என்ற கற்பனைப் பொருளை அறுவடை வண்டி அள்ளி வரும். அதைப் பணமாக்கி, கட்டடம் கட்டி, வண்டிப் படை திரட்டி எதிரியை அடிக்க வேண்டும். வளம், கட்டடம், டெக் ட்ரீ, எல்லாம் அதில் உண்டு.

பிளிஸார்டின் நிரலாளர் பேட்ரிக் வயட் அதை ரசித்து ஆடியவர். 1993-ல் வார்கிராஃப்டுக்கான நிரலை அவர் எழுதத் தொடங்கியபோது படம் வரைந்து கொடுக்க ஆள் இல்லை. டியூன் 2 திரையிலிருந்து எடுத்த படங்களையே தற்காலிகமாகப் போட்டு நிரலை ஓட்டிப் பார்த்தார். இதை அவரே பின்னாளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

‘அப்போ காப்பிதானே’ என்று முடித்துவிடுகிறவர்களுடன் நான் சேரமாட்டேன். டியூன் 2 ஆடிப் பார்த்தவர்களுக்கு அதில் இரண்டு பெரிய குறைகள் தெரியும். ஒன்று, ஒரே நேரத்தில் ஓர் ஆளுக்கு மட்டுமே கட்டளை கொடுக்கலாம். இரண்டு, இன்னொரு மனிதனோடு ஆட முடியாது. எதிரி எப்போதும் கணினிதான். வார்கிராஃப்ட் கைவைத்தது இந்த இரண்டிலும்.

## ஒரு கட்டம் வரைந்தால் நான்கு பேர்

எட்டு வீரர்களை ஒரு பாலத்தருகே நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். டியூன் 2 முறையில் ஒவ்வொருவனையும் கிளிக் செய்து, ‘போ’ என்ற கட்டளையை எடுத்து, இடத்தைக் காட்ட வேண்டும். எட்டாவது ஆளுக்கு வழி சொல்லி முடிக்கும்போது முதல் ஆள் பாலத்தில் தனியாக நின்று அடி வாங்கிக்கொண்டிருப்பான். உங்கள் வியூகம் தவறில்லை. கை போதவில்லை.

வயட் முன்பு மேக் கணினிகளில் மேக்டிரா போன்ற வரைபட மென்பொருள்களைப் பயன்படுத்தியவர். அவற்றில் மவுஸை அழுத்தி இழுத்து ஒரு கட்டம் வரைந்தால், அதற்குள் இருக்கும் கோடு, வட்டம் எல்லாம் ஒன்றாகப் பிடிபடும். அதையே படைக்கும் கொண்டுவந்தார். கட்டம் வரை, ஆட்கள் பிடிபட்டார்கள், இடத்தைக் காட்டு, எல்லோரும் சேர்ந்து போகிறார்கள். இன்று எந்தக் கணினி வைத்திருப்பவரும் கோப்புகளை அப்படித்தான் அள்ளுகிறார். அதனால் இது ஒரு விஷயமாகவே தோன்றாது. 1994-ல் ஒரு போர் ஆட்டத்தில் அது புதிது.

முதலில் அவர் எழுதிய நிரலில் எத்தனை பேரை வேண்டுமானாலும் பிடிக்க முடிந்தது. பிறகு குழுவினர் கூடிப் பேசி நான்கு பேர் என்று வரம்பு வைத்தார்கள். எல்லோரையும் ஒரே அள்ளாக அள்ளி எதிரி மேல் எறிவதில் யோசனைக்கு வேலையில்லை, ஆட்டக்காரர் தன் ஆட்களை எங்கே நிறுத்துகிறோம் என்று கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். தங்கத்துக்கு ஓர் எண் திரையில் தெரிகிறது, மரத்துக்கு ஓர் எண் தெரிகிறது. எல்லாவற்றையும்விட அரிதான வளத்துக்கு எண்ணே கிடையாது. அது ஆடுகிறவரின் கவனம். சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் சுரங்கத்தைப் பார்க்கவில்லை. பண்ணை கட்டப் போன கை வில்லாளியைப் பின்னால் இழுக்கவில்லை. எத்தனை பேரை ஒரே பிடியில் பிடிக்கலாம் என்று முடிவு செய்வது, அந்தக் கவனத்துக்கு என்ன விலை என்று முடிவு செய்வதுதான். பின்னால் வந்த ஆட்டங்கள் இந்த எண்ணை மாற்றிக்கொண்டே போனதைப் பாருங்கள்: வார்கிராஃப்ட் 2-ல் ஒன்பது, 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்டில் பன்னிரண்டு, 2010-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-ல் ஏறக்குறைய வரம்பே இல்லை.

ஆட்டக்காரர்கள் இந்தக் கவனத்தின் இரண்டு பக்கத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். சண்டைக்குள் ஒவ்வோர் ஆளையும் நுணுக்கமாக நகர்த்துவது மைக்ரோ. ஊரை வளர்த்து, வளத்தைத் தேங்கவிடாமல் செலவழிப்பது மேக்ரோ. இரண்டிலும் கெட்டி என்று சொல்லத்தக்கவர்கள் மிகக் குறைவு.

## இரண்டு கணினி, ஒரு போர்

அடுத்தது, எதிரே ஒரு மனிதன். இரண்டு பேர் இரண்டு கணினியில் மோடம் வழியாகவோ, கேபிள் போட்டோ, உள்ளூர் நெட்வொர்க்கிலோ ஆடலாம் என்று வார்கிராஃப்ட் கொண்டுவந்தது. இது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நிலவும் தவறான எண்ணம் இன்றும் போகவில்லை. என் படையின் படத்தை என் கணினி உன் கணினிக்கு அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் அது நடக்காது. அந்தக் காலத்து மோடம் ஒன்று நொடிக்கு 14,400 பிட், அதாவது சுமார் 1,800 பைட் அனுப்பும். நூறு ஆட்கள், ஒவ்வொருவனின் இடத்துக்கும் உயிருக்கும் பத்து பைட், நொடிக்குப் பத்து முறை என்றால் 10,000 பைட். படத்தை விடுங்கள், இந்த எண்களே குழாயில் நுழையாது.

ஆகவே அனுப்புவது கட்டளையை மட்டும். ‘இந்த நான்கு பேர் இந்த இடத்துக்குப் போகிறார்கள்’ என்று சொல்லச் சில பைட் போதும். இரண்டு கணினியிலும் ஒரே வரைபடம், ஒரே தொடக்கம். இரண்டுக்கும் ஒரே கட்டளைகள் ஒரே வரிசையில் கிடைக்கின்றன. இரண்டும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒரே விடைக்கு வருகின்றன. நீங்கள் பார்ப்பது எதிராளியின் கணினியில் நடக்கும் போரை இல்லை; உங்கள் கணினியே நடத்தும் அதே போரை. இதற்கு லாக்ஸ்டெப் என்று பெயர்.

இது சரியாக ஓட வேண்டுமானால் இரண்டு கணினியும் இம்மி பிசகாமல் ஒரே கணக்கைப் போட வேண்டும். ‘பகடை’ உருட்டுகிற இடத்தில்கூட, அதாவது அடி எவ்வளவு விழுந்தது என்று தற்செயலாக முடிவாகும் இடத்தில்கூட, இரண்டிலும் ஒரே எண் விழும்படி முதலிலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஓர் எண் மாறினால் போதும். உங்கள் திரையில் ஒரு வில்லாளி செத்துவிடுவான். எதிராளியின் திரையில் உயிரோடு இருப்பான். இருக்கிறவன் இன்னொருவனைக் கொல்வான். இரண்டு நிமிடத்தில் இரண்டும் வேறு வேறு போர். வயட்டும் அவருடைய சகா பாப் ஃபிட்ச்சும் 1994-ல் முதல்முறையாக ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிப் பார்த்தபோது நடந்தது அதுவே: ஒரே போராகத் தொடங்கியது, போகப் போக இரண்டு கணினியும் இரண்டு கதையைக் காட்டியது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது நிரலாளருக்குப் பெரிய தலைவலி. பிழை எங்கே தொடங்கியது என்பது திரையில் தெரிவதில்லை, விளைவு மட்டும்தான் தெரியும்.

நம் மாவட்டத்தில் இதை நேரில் பார்த்தவர்கள் ஏராளம், பெயர் தெரியாமல். இஞ்சினியரிங் கல்லூரி ஹாஸ்டல்களில் ஒரு சுவிட்ச், நாலைந்து கேபிள், ராத்திரி முழுக்க ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற ஆர்.டி.எஸ். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் ‘அவுட் ஆஃப் சிங்க்’ என்று திரையில் வந்து எல்லாம் நின்றுவிடும். “உன் சிஸ்டத்துல வைரஸ்ல!” என்று ஒருவன் கத்துவான். “உன் கேபிள் லூஸ் மக்கா” என்பான் இன்னொருவன். பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. ஒருவர் பேட்ச், அதாவது ஆட்டத்தின் திருத்தப் பதிப்பு, போட்டிருப்பார், இன்னொருவர் போட்டிருக்கமாட்டார், அல்லது யாரோ ஒருவர் ஆட்டத்தின் கோப்பில் கைவைத்திருப்பார். கணக்கின் விதி மாறிவிட்டது, விடை ஒத்துப்போகவில்லை. ஆட்டம் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டது.

இதே ஏற்பாட்டிலிருந்து இன்னும் இரண்டு விஷயங்கள் புரியும். ஒரு மணி நேர ஆட்டத்தை மறுபடி பார்க்க உதவும் ரீப்ளே கோப்பு ஏன் அத்தனை சிறியது? அதில் காணொளி இல்லை, கட்டளைப் பட்டியல் மட்டும் இருக்கிறது. உங்கள் கணினி மறுபடியும் அந்தப் போரை நடத்திக் காட்டுகிறது. மேப் ஹேக் என்ற ஏமாற்று வேலை ஏன் ஒழியவில்லை? இந்த ஆட்டங்களில் நீங்கள் போகாத இடம் இருட்டாகத் தெரியும். வார்கிராஃப்ட் 2-ல் அது இன்னும் கடுமையாயிற்று: பார்த்துவிட்டு வந்த இடமும் உங்கள் ஆள் அகன்றதும் மங்கிவிடும், அங்கே எதிரி என்ன செய்கிறான் என்று தெரியாது. இதைப் போர் மூட்டம் என்கிறோம். ஆனால் முழுப் போரையும் உங்கள் கணினியே கணக்கிடுவதால் எதிரி எங்கே இருக்கிறான் என்பது அதற்குத் தெரியும். உங்களிடம் மறைக்கிறது, அவ்வளவுதான். மறைப்பை விலக்கும் ஒரு திருட்டு நிரல் எழுதிவிட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம்.

சுருக்கிச் சொன்னால்: கட்டம் வரைந்து ஆட்களைப் பிடிப்பது கையின் சுமையைக் குறைத்தது, கட்டளையை மட்டும் அனுப்பும் முறை எதிரே ஒரு மனிதனை உட்கார வைத்தது. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்துக் கொடுத்ததுதான் 1994 வார்கிராஃப்டின் பெருமை.

## மாயம் எதற்கு?

வாளும் மந்திரமும் உள்ள கற்பனை உலகம் வெறும் சாயம் பூசியது போலத் தோன்றலாம். ஆட்டத்துக்குள் அதற்கும் வேலை உண்டு. முதல் வார்கிராஃப்டில் இரு பக்கத்து ஆட்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. மனித வில்லாளியின் அம்பு சற்று அதிக தூரம் போகும், அந்த அளவு வித்தியாசம்தான். உண்மையான வித்தியாசத்தைக் கொடுத்தது மந்திரம். மனித மந்திரவாதி நீராலான ஒரு பூதத்தை வரவழைப்பார். ஓர்க் மந்திரவாதி ஒரு தீய பூதத்தை. பத்து வீரர் செய்வதை ஓர் ஆள் செய்தால் ஆட்டக்காரரின் கண் அந்த ஓர் ஆள் மேல்தான் இருக்கும். பின்னால் வரப்போகும் பெரிய மாற்றத்தின் விதை இது.

ஆட்களின் குரலையும் சொல்ல வேண்டும். ஓர் ஆளைக் கிளிக் செய்தால் பதில் சொல்வான், கட்டளை கொடுத்தால் சரி என்பான். கண் வேறெங்கோ இருக்கும்போதும் காது வழியே செய்தி வந்துவிடுகிறது. கவனத்தை மிச்சப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை.

## பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

1995-ல் வெஸ்ட்வுட் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ கொண்டுவந்தது. அதே ஆண்டு கடைசியில் வார்கிராஃப்ட் 2. ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்ந்தது. அந்தப் போட்டியில்தான் இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. 1997-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். வார்கிராஃப்ட் பேர் தெரியாமலே அதன் கட்டம் வரையும் பழக்கம் நம் பிள்ளைகள் கையில் ஏறியது அப்படித்தான்.

1998 ஸ்டார்கிராஃப்டில் மூன்று இனங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமையே கிடையாது, ஆனாலும் பலம் சமம். தென்கொரியாவில் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பி.சி. பாங் என்ற கணினிக் கடைகள் பெருகியிருந்தன. அங்கே அது காட்டுத்தீயாகப் பரவி, தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டும் விளையாட்டாகவே ஆகிவிட்டது. அங்குள்ள கைதேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 300 கட்டளைகளைத் தாண்டுவார்கள். கவனம்தான் வளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2002-ல் வந்த வார்கிராஃப்ட் 3 எதிர்த்திசையில் நடந்தது. படை பெருத்தால் தங்க வருமானத்தில் பிடித்தம் விழும். ஆகவே சிறிய படையே நல்லது. நடுவில் ஒரு நாயகன். அவன் சண்டையில் அனுபவம் சேர்த்து வளர்வான், புதுத் திறன்கள் பெறுவான், பையில் பொருள் வைத்துக்கொள்வான். பல பேருக்குச் சிதறிய கவனத்தை ஒருவன் மேல் குவித்தார்கள். கூடவே வேர்ல்ட் எடிட்டர் என்ற கருவியையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அதை வைத்து யாரும் புது வரைபடமும் புது விதியும் எழுதலாம்.

அந்தக் கருவியில் ரசிகர்கள் உருவாக்கியதுதான் டோட்டா. 2003-ல் யூல் என்ற புனைபெயர்க்காரர் தொடங்கினார். ஸ்டீவ் ஃபீக்கும், பிறகு ஐஸ்ஃப்ராக் என்பவரும் வளர்த்தார்கள். அதற்கும் முன்னே ஸ்டார்கிராஃப்டுக்கு ஒரு ரசிகர் செய்த வரைபடத்தில் இந்த யோசனை முளைத்திருந்தது. டோட்டாவில் ஊர் கட்டும் வேலை இல்லை. சாதாரண வீரர்கள் தாமாகவே நடந்துபோய்ச் சண்டை போடுவார்கள். உங்களுக்கு ஒரே ஒரு நாயகன். உங்கள் பக்கம் இன்னும் நால்வர், எதிரே ஐவர். தவசிப்பிள்ளை வேலையை எடுத்துவிட்டு ஐந்து பேருக்கு ஆளுக்கோர் அடுப்பைக் கொடுத்த மாதிரி. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு மோபா என்று பெயர். ஸ்டீவ் ஃபீக் சேர்ந்த ரையட் நிறுவனம் 2009-ல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வெளியிட்டது. ஐஸ்ஃப்ராக்கைச் சேர்த்துக்கொண்ட வால்வ் 2013-ல் ‘டோட்டா 2’ வெளியிட்டது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டும் பதக்கப் போட்டிகள்.

ஆகவே டோட்டாவை ஆர்.டி.எஸ். என்று சொல்வது சரியில்லை. சொல்கிறவர்கள் முழுத் தவறு என்றும் சொல்லமாட்டேன். ரத்தம் அதே ரத்தம்.

2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வகைக்குப் போய்விட்டது. அதே அஸரோத்தில் நீங்கள் ஒரு தனி ஆள். ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து உலாவுகிறீர்கள். 2010-ல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். வார்கிராஃப்ட் என்றால் அதுதான் என்று ஒரு தலைமுறையே நினைத்ததில் வியப்பில்லை.

## போனில் ஆடுவது எதில் சேரும்?

2012-ல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸை எடுத்துக்கொள்வோம். தங்கம் உண்டு, கட்டடம் உண்டு, படை உண்டு. ஆனால் கட்டடம் கட்ட மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீங்கள் தூங்கும்போது எதிராளி வந்து அடித்துவிட்டுப் போவான். இறக்கிய படை தன்பாட்டுக்கு ஓடும், திருப்பி அழைக்க முடியாது. இரண்டு பேரின் கவனம் ஒரே நேரத்தில் மோதவே இல்லை. ஆர்.டி.எஸ்.ஸின் வீட்டு ஜாமான்களை வைத்துக் கட்டிய வேறு வீடு அது. மட்டம் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பலர் கூட்டாக ஆடிச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

உண்மையான ஆர்.டி.எஸ். எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி எளிது. வார்கிராஃப்ட் 1, 2 இரண்டையும் புதுப்பித்து 2024 நவம்பரில் பிளிஸார்ட் மறுபடி வெளியிட்டிருக்கிறது. காசு செலவழிக்க மனமில்லை என்றால் ‘ஜீரோ ஏ.டி.’ என்ற ஆட்டம் இலவசம். திறந்த மூல மென்பொருள், விலை உயர்ந்த கணினி தேவையில்லை, மௌரியர் படையும் அதில் உண்டு.

முதல் ஆட்டத்தில் ஜெயிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூன்றைப் பாருங்கள்: சும்மா நிற்கும் தொழிலாளி எத்தனை பேர், செலவழிக்காமல் கிடக்கும் வளம் எவ்வளவு, கடைசியாகக் கட்டிய பண்ணைக்குப் பிறகு இன்னும் எத்தனை ஆளுக்கு இடம் இருக்கிறது. சண்டை நடந்த நேரத்தில் இந்த மூன்றும் எப்படி மாறின என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அடுத்த ஆட்டத்தை அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.